முட்டு லிகமென்ட் காயம்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்தூர் பக்கம் பந்து விளையாடும் பையன், அருமனையில் ரப்பர் வெட்டப் போகும் அக்கா, நாகர்கோவில் – களியக்காவிளை சாலையில் பைக்கோடு விழுந்த அண்ணன். முட்டு, அதாவது முழங்கால், திரும்பிவிட்டால் மூவரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பிசியோதெரபி செய்பவன் என்பதால் இவற்றைத் தினமும் கேட்கிறேன். அவசரத்தில் வாயால் சொல்லும் பதில் பாதி வீட்டுக்குப் போவதற்குள் மறந்துபோகும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

விளையாடும்போது முட்டு திரும்பி ‘பட்’டென்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வீங்கிவிட்டது. என்ன ஆகியிருக்கும்?

யாரும் வந்து மோதாமலே, ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ இப்படி ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏ.சி.எல். என்கிற முன் சிலுவை லிகமென்ட்டை, அதாவது முட்டுக்குள் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார்ப்பட்டையை. பாதம் தரையில் ஊன்றி நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும், முட்டு உள்பக்கமாகச் சாயும். அந்த நொடியில் அறுந்துவிடும். ஏ.சி.எல். காயங்களில் பெரும்பகுதி இப்படி ஆள் மேல் ஆள் மோதாமல் வருபவைதான்.

வீக்கம் எப்போது வந்தது என்பதை மறக்காமல் குறித்து வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டு உப்பிவிட்டால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. ஏ.சி.எல். அறுந்தாலோ எலும்பில் விரிசல் விட்டாலோ அப்படித்தான் ஆகும். மறுநாள் காலையில் மெதுவாக வந்த வீக்கம் என்றால் மெனிஸ்கஸ் (எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) கிழிசலாகவோ சின்னச் சுளுக்காகவோ இருக்கலாம். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது. பலருக்கும் பதில் ஞாபகம் இருப்பதில்லை.

முட்டுக்குள் எத்தனை லிகமென்ட் இருக்கிறது? எது எதற்கு?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடித்திருப்பவை முக்கியமாக நான்கு. மூட்டின் நடுவில் குறுக்கும் மறுக்குமாக இரண்டு: கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமல் பிடிப்பது ஏ.சி.எல்., பின்னால் போகாமல் பிடிப்பது பி.சி.எல். உள்பக்கத்தில் எம்.சி.எல்., வெளிப்பக்கத்தில் எல்.சி.எல். இவை போக, இரண்டு எலும்புக்கும் நடுவே அதிர்ச்சி தாங்க மெனிஸ்கஸ் என்று இரண்டு மெத்தைகள் உண்டு.

நம்ம ஊரில் லிகமென்ட், மெனிஸ்கஸ் எல்லாவற்றையும் ‘ஜவ்வு’ என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆகவே ‘ஜவ்வு கிழிஞ்சிருக்கு’ என்று சொன்னால் எந்த ஜவ்வு என்று கேட்டு, பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிபட்ட அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். ‘நடந்து பாரு, ஓடிப் பாரு’ என்று கூட நிற்பவர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். லிகமென்ட் அறுந்தபோது தப்பித்த மெனிஸ்கஸ், அந்தச் சோதனை ஓட்டத்தில் கிழிந்துவிடலாம்.

காலை இதய மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துப் படுங்கள். ஐஸ் கட்டியை ஈரத் துவர்த்தில் (துண்டில்) சுற்றி முட்டின் மேல் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை போதும். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். ஏலத்துக்கு மீன் பெட்டியில் போட்ட ஐஸாக இருந்தாலும் பரவாயில்லை, பிளாஸ்டிக் பையில் கட்டிப் பயன்படுத்துங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றினால் கால்விரல் மரத்துப்போகாத அளவுக்கு இருக்கட்டும். ஊன்றுகோல் கிடைத்தால் நல்லது.

முதல் இரண்டு மூன்று நாள் சூடான எண்ணெய், வெந்நீர் ஒத்தடம், அழுத்தித் தடவல், மது இவை நான்கும் வேண்டாம். நான்குமே கசிவைக் கூட்டும்.

எந்த நிலையில் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

முட்டு உருக்குலைந்து கோணியிருந்தால், அல்லது விலகி ‘தானாகவே உள்ளே போய்விட்டது’ என்றால், ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். முட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் இந்த வகைக் காயத்தில் அறுந்திருக்கலாம். பாதம் சில்லிட்டு வெளுத்திருக்கும். ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாவிட்டால் காலையே இழக்க நேரிடும். 108-ஐ அழையுங்கள், ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கினால் நரம்பில் அடி என்று பொருள். அதுவும் அன்றே பார்க்க வேண்டியது.

நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, முட்டை 90 டிகிரி மடக்க முடியவில்லை, சில்லை (முட்டின் முன்னால் உள்ள வட்ட எலும்பை) தொட்டாலே உயிர்போகிறது, அல்லது வயது 55 தாண்டிவிட்டது என்றால் எக்ஸ்ரே அவசியம். முட்டு ஒரே நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றுவிட்டால், கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் சிக்கியிருக்கலாம். அதையும் நாள் கடத்தக் கூடாது.

எங்க ஊர் ஆசானிடம் போய்த் தடவிக் கட்டுப் போட்டால் போதாதா?

இந்த மாவட்டத்தில் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு முட்டைப் பற்றிப் பேச முடியாது. வர்மமும் அடிமுறையும் வளர்ந்த மண் இது. ஒடிவு முறிவு பார்க்கும் ஆசான்மார் தலைமுறை தலைமுறையாகச் சுளுக்கைச் சரிசெய்திருக்கிறார்கள். விளையாட்டு மைதானத்திலிருந்து நேராக அவர்களிடம் போவது இங்கே இயல்பு. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

உள்பக்கத்து எம்.சி.எல். காயம், சாதாரணச் சுளுக்கு இவற்றில் ஆசானின் கட்டு நன்றாகவே பலன் தருகிறது. எம்.சி.எல்.லுக்கு ரத்த ஓட்டம் நல்லபடி உண்டு. அசையாமல் பிடித்துக் கொடுத்தால் அது தானே ஒட்டும். கட்டு செய்வது அதைத்தான். ஏ.சி.எல். விஷயம் வேறு. அது மூட்டுத் திரவத்துக்குள் இருக்கிறது. முழுக்க அறுந்த இரண்டு முனைகளும் பெரும்பாலும் சேர்வதில்லை. எவ்வளவு நல்ல எண்ணெயும் அங்கே போய்ச் சேராது.

‘ஒண்ணும் இல்ல மக்கா, மூணு கட்டு போட்டா சரியாயிரும்’ என்று கேட்டுவிட்டு வருகிறவரிடம் நான் சொல்வது மூன்று விஷயம். வீக்கம் இருக்கும்போது அழுத்தித் தடவ விடாதீர்கள். கட்டுப் போடுவதற்கு முன் எலும்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரேயில் உறுதிசெய்யுங்கள். கட்டு அவிழ்த்த பிறகு முட்டு வழுக்குகிறதா என்று எலும்பு மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். பல ஆசான்மார் தாங்களே ‘ஸ்கேன் எடுத்துட்டு வா’ என்று அனுப்புகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் தைரியமாகப் போகலாம்.

எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு எம்.ஆர்.ஐ.?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், லிகமென்ட் தெரியாது. அதற்காக எக்ஸ்ரே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். சில சமயம் லிகமென்ட் நடுவில் அறாமல், தான் பிடித்திருந்த எலும்புத் துண்டையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். சிறுவர்களுக்கு ஏ.சி.எல். இப்படிப் பெயரும், பைக்கில் விழுந்தவர்களுக்கு பி.சி.எல். பெயரும். அது எக்ஸ்ரேயில் தெரியும். இரண்டு மூன்று வாரத்துக்குள் அந்தத் துண்டைத் திருகாணி வைத்தோ தைத்தோ பொருத்திவிட்டால் சொந்த லிகமென்ட்டே பிழைத்துக்கொள்ளும். நாள் கடந்தால் அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

எம்.ஆர்.ஐ.க்கு அன்று மாலையே ஓட வேண்டியதில்லை. முதலில் கையால் சோதிக்க வேண்டும். முட்டை 20 – 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். நல்ல காலில் கொஞ்சம் வந்து ‘டக்’கென்று நிற்கும், அறுந்த காலில் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். லாக்மன் சோதனை என்று பெயர். பழகிய கைக்கு இதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் நாள் வலியில் தசை இறுகியிருப்பதால் ஏமாற்றலாம். ஒன்றிரண்டு வாரம் கழித்து வீக்கம் வற்றியதும் மறுபடி சோதிப்பது நல்லது. உங்கள் முட்டைத் தொடாமலே ஸ்கேன் மட்டும் எழுதித் தந்தால், ‘ஒரு முறை கையால பாருங்க டாக்டர்’ என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2’, ‘பார்ஷியல் டேர்’ என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

கிரேடு 1 என்றால் இழுபட்டிருக்கிறது, அறவில்லை. கிரேடு 2 பாதி அறுந்தது, ‘பார்ஷியல் டேர்’ என்பதும் அதுதான். கிரேடு 3 முழுக்க அறுந்தது. லிகமென்ட் தேங்காய் நார்க் கயிறு மாதிரி: பிரி பிரியாகத் திரித்தது, ஒவ்வொரு பிரியாக அறும். மீதமிருக்கும் பிரி எவ்வளவு தாங்கும் என்பதைப் படம் சரியாகச் சொல்லாது, முட்டு வழுக்குகிறதா இல்லையா என்பதுதான் சொல்லும். பார்ஷியல் என்று எழுதியிருந்தும் மாடிப்படியில் முட்டு விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முழுக்க அறுந்தது என்று எழுதியிருந்தும் உறுதியாக நடப்பவர்களும் உண்டு.

எது தானாக ஒட்டும்? எவ்வளவு நாள் ஆகும்?

எம்.சி.எல். ஒட்டும். கிரேடு 1 என்றால் ஒன்று முதல் மூன்று வாரம், கிரேடு 2 நான்கு முதல் ஆறு வாரம், கிரேடு 3 கீல் வைத்த பிரேஸோடு ஆறு முதல் பன்னிரண்டு வாரம். தனியாக எம்.சி.எல். மட்டும் அறுந்திருந்தால் ஆபரேஷன் அபூர்வம். பி.சி.எல். கிரேடு 1, 2 பெரும்பாலும் உடற்பயிற்சியிலேயே சரியாகும். எல்.சி.எல்.லும் முட்டின் பின் வெளிமூலையும் சேர்ந்து அறுந்திருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அதை இரண்டு மூன்று வாரத்துக்குள் சரிசெய்தால் நல்ல பலன் கிடைக்கும்.

ஏ.சி.எல். அறுந்தால் ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா?

எல்லோருக்கும் இல்லை. சுவீடனில் 121 இளம் வயதினரை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும், மற்ற பிரிவுக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆபரேஷன் தேவைப்படவே இல்லை. வலி, நடமாட்டம் போன்றவற்றில் இரண்டு பிரிவும் சமமாகவே இருந்தன. அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்ல என்பதையும், ஒழுங்காகப் பயிற்சி கிடைத்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆகவே ஸ்கேனைப் பார்த்து முடிவெடுக்காமல், ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் 45 வயதுக்காரர், முட்டு வழுக்கவில்லை, பந்து ஆடப்போவதும் இல்லை. அவர் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்கட்டும். செவன்ஸ் (ஏழு பேர் கால்பந்து) ஆடும் 20 வயதுப் பையனும், கபடி ஆடும் பெண்ணும் மறுபடி களத்துக்குப் போகத்தான் போகிறார்கள், அவர்களுக்கு ஆபரேஷன் நல்லது. மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்து, அதைத் தைக்க முடியும் நிலையில் இருந்தால் ஆபரேஷன் பக்கமே தட்டு சாயும்.

இந்த மாவட்டத்தில் தொழிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆழ்கடலுக்குப் போகிறவர் ஆடுகிற விசைப்படகின் ஈரப் பலகையில் வாரக்கணக்கில் நிற்கிறவர். நடுக்கடலில் முட்டு விட்டுவிட்டால் பிடிக்க ஆள் இல்லை. பனையேறுகிறவரும் தென்னையேறுகிறவரும் இறங்கும்போது கடைசியில் ஒற்றைக் காலில் எடை போடுகிறார்கள். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டும் பெண்கள் விடியுமுன் தலைவிளக்கோடு சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்குகிறார்கள். இவர்கள் ‘விளையாட்டுக்காரர் இல்லை’ என்று ரிப்போர்ட்டைப் பார்த்து ஒதுக்கிவிடக் கூடாது. வேலை என்ன என்று மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே விவரமாகச் சொல்லுங்கள்.

ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. வலி இல்லை, வீக்கம் இல்லை, நன்றாக நடக்கிறேன். இன்னும் ஏன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். வலி போவதும் லிகமென்ட் குணமாவதும் வேறு வேறு. அறுந்த ஏ.சி.எல். வலிக்காது. மூட்டுக்குள் கசிந்த ரத்தம் வற்றியதும் வலி அடங்கிவிடும். நேர்ப் பாதையில் நடக்க ஏ.சி.எல். பெரிதாகத் தேவைப்படாது. அதனால் ஆறாவது வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும்.

அந்த நேரத்தில்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் வரும். ‘ஒரு பத்து நிமிசம் இறங்குடே’ என்று நண்பர்கள் கூப்பிடுவார்கள். இறங்கித் திரும்பும்போது முட்டு வழுக்கும். முதல் காயத்தில் தப்பிய மெனிஸ்கஸ் இரண்டாவதில் கிழியும், எலும்பின் மேல் உள்ள குருத்தெலும்பு தேயும். லிகமென்ட்டை வேறு இடத்திலிருந்து எடுத்து வைக்கலாம், போன மெனிஸ்கஸை அப்படித் திரும்ப வைக்க முடியாது. ஏ.சி.எல். அறுந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 10 – 20 ஆண்டுகளில் எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிகிறது. 20 வயதில் அறுந்தவருக்கு 40-க்குள் கிழவர் முட்டு வந்துவிடலாம். ஒவ்வொரு முறை வழுக்குவதும் அந்த நாளைக் கிட்டக் கொண்டுவரும்.

வீட்டில் ஒரு சோதனை உண்டு. தையல் டேப் எடுத்து, சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே தொடையில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு காலிலும் அந்த இடத்துச் சுற்றளவை அளந்து பாருங்கள். காயம்பட்ட தொடை ஒன்றிரண்டு செ.மீ. மெலிந்திருக்கும். ‘நல்லா இருக்கேன்’ என்று வருபவர்களின் தொடையை அளந்து காட்டினால்தான் நம்புகிறார்கள். தொடைத் தசை திரும்பும்வரை முட்டு குணமாகவில்லை.

ஆபரேஷன் என்று முடிவானால் அடுத்த வாரமே செய்துவிடலாமா?

மெனிஸ்கஸ் சிக்கிப் பூட்டிக்கொண்ட முட்டு போன்ற அவசரங்கள் தவிர, பொறுங்கள். வீங்கி விறைத்த முட்டில் ஆபரேஷன் செய்தால் பிறகு முட்டு நீளாமல் போகும் ஆபத்து அதிகம். வீக்கம் வற்ற வேண்டும், மறு கால் அளவுக்கு முழுசாக நீட்ட வர வேண்டும், நொண்டாமல் நடக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரம். இந்த நாட்களில் செய்யும் பயிற்சி, ஆபரேஷனுக்குப் பிறகு செய்யும் பயிற்சியைவிடக் குறைந்தது அல்ல.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

அறுந்ததைத் தைப்பதில்லை, புதிதாக ஒன்றை வைக்கிறார்கள். உங்கள் உடம்பிலிருந்தே ஒரு தசைநாண் எடுப்பார்கள்: தொடையின் பின்பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங், சில்லுக்குக் கீழே உள்ள நாண், சில்லுக்கு மேலே உள்ள நாண், அல்லது கணுக்காலுக்கு மேலே வெளிப்பக்கத்து நாண். சிறு துளை வழியே கேமரா விட்டு, இரண்டு எலும்பிலும் துளையிட்டு அந்த நாணைக் கோத்து, திருகாணியோ பட்டனோ வைத்து இறுக்குவார்கள். அந்தத் திருகாணியைப் பிறகு எடுக்கத் தேவையில்லை. எந்த நாண் உங்களுக்கு ஏற்றது என்று கேளுங்கள். முட்டியிட்டு வேலை செய்கிறவர், மண்டியிட்டு ஜெபிக்கிறவர் என்றால் சில்லுக்குக் கீழே எடுப்பது மண்டியிடும்போது உறுத்தும் என்பதை முன்பே பேசிக்கொள்ளலாம்.

செலவு எவ்வளவு? அரசு உதவி உண்டா?

தனியாரில் தொகை இடத்துக்கு இடம் மாறும். ஆசாரிபள்ளம் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் முதலில் காட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. உங்கள் சிகிச்சை அதில் சேருமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஆபரேஷன் தேதிக்கு முன்பே உறுதிசெய்யுங்கள், முன் அனுமதி இல்லாமல் செய்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி உண்டு.

பணத்தை எண்ணும்போது பிசியோதெரபியையும் பயணத்தையும் சேர்த்து எண்ணுங்கள். ஆபரேஷனுக்குக் கடன் வாங்கிவிட்டு, பிறகு பயிற்சிக்கு வரக் காசில்லாமல் நிறுத்தியவர்களின் முட்டு விறைத்துப்போனதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. தினமும் வர முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். வாரம் ஒரு முறை வந்து கற்றுக்கொண்டு வீட்டில் செய்யும்படி திட்டம் போட்டுத்தர முடியும்.

பயிற்சி என்றால் என்ன செய்ய வேண்டும்? வீட்டிலேயே செய்யலாமா?

ஆபரேஷன் ஆனாலும் ஆகாவிட்டாலும் தொடக்கம் ஒன்றுதான். பாயில் காலை நீட்டி உட்காருங்கள். சின்னத் துவர்த்தைச் சுருட்டி முட்டுக்கு அடியில் வையுங்கள். இப்போது துவர்த்தை முட்டால் தரையோடு அமுக்குங்கள். இரண்டு விரலைச் சில்லுக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில் வையுங்கள். அங்கே தசை கெட்டியாக எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் புட்டத்தால் தள்ளுகிறீர்கள், முட்டால் அமுக்கவில்லை. ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து முறை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை. காயத்துக்குப் பிறகு மூளை இந்தத் தசையை அணைத்து வைத்திருக்கும். அதை எழுப்புவதுதான் முதல் வாரத்து வேலை முழுவதும்.

அடுத்தது நீட்டல். சுருட்டிய துவர்த்தைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை. வீட்டில் அம்மாவோ மனைவியோ பாசத்தோடு முட்டுக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். அப்படி மடங்கியே கிடந்த முட்டு முழுசாக நீளாது, பிறகு வாழ்நாள் முழுக்க நொண்டல். குதிகாலைப் பாயில் இழுத்து முட்டை மடக்குவது, காலை நேராகத் தூக்குவது இவையும் முதல் வாரங்களிலேயே வரும்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, ஒற்றைக்காலில் நிற்பது என்று கூடும். மெனிஸ்கஸும் தைத்திருந்தால் எடை போட்டு ஆழமாக மடக்க நான்கு மாதம் வரை அனுமதி இருக்காது. ஆபரேஷன் செய்தவர் எழுதித்தந்த அளவை மீறாதீர்கள். மறுநாள் வீக்கம் கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். காய்ச்சலோடு முட்டு சிவந்து சூடாவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது இரண்டும் பயிற்சி வலி அல்ல, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பைக், தரையில் உட்காருவது, கடல், பந்து: எது எப்போது?

ஆபரேஷன் ஆனவருக்கு ஊன்றுகோல் இரண்டு முதல் நான்கு வாரம். மேசை வேலை மூன்று நான்கு வாரம். பைக் ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு, அதுவும் சட்டென்று காலை ஊன்றித் தாங்க முடிந்தால்தான், கிக்கர் உதைக்கவே வேண்டாம். சம்மணம் போடவும் குத்துக்காலிடவும் நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை வெஸ்டர்ன் கழிவறைக்கு ஏற்பாடு செய்யுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுச் சமாளிக்கிறவர்கள் அது வழுக்காமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேர் ஓட்டம் மூன்று, நான்கு மாதத்தில் தொடங்கலாம். படகு, மரம் ஏறுவது ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம்.

பந்துக்கும் கபடிக்கும் குறைந்தது 9 மாதம். வைத்த நாண் உடனே லிகமென்ட் ஆகிவிடாது. ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை அது மிக பலவீனமாக இருக்கும், உங்களுக்கோ அப்போதுதான் வலி தீர்ந்து உற்சாகமாக இருக்கும். நார்வேயில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம்வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குள் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் நான்கில் ஒருவருக்கு அதே முட்டிலோ மறு முட்டிலோ மீண்டும் அறுகிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் தசை பலமும் நல்ல காலின் 90 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும்.

நம்ம மாவட்டத்து இரவிபுத்தன்துறையிலிருந்து போய் இந்தியாவுக்காகக் கால்பந்து ஆடிய மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடரின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அந்த சீசன் முழுக்க ஆடவில்லை, பிறகு களத்துக்குத் திரும்பினார். எல்லா வசதியும் உள்ள கிளப் ஆட்டக்காரருக்கே ஒரு சீசன் போகிறது என்றால், மூன்று மாதத்தில் இறங்கும் நம்ம பையன்களைத் தடுப்பது பெரியவர்களின் கடமை.

பைக்கில் விழுந்து மடங்கிய முட்டு தரையில் இடித்தது. அதுவும் இதே காயம்தானா?

அது பெரும்பாலும் பி.சி.எல். கீழ்க்கால் எலும்பு பின்னால் தள்ளப்படுவதால் வருவது. ‘பட்’ சத்தம் இருக்காது, வீக்கமும் குறைவு, தோல் உராய்வுக்கு மருந்து போட்டுவிட்டு இதை விட்டுவிடுவார்கள். மாதங்கள் கழித்து இறக்கத்தில் இறங்கும்போது முட்டு நிலையில்லாமல் ஆடும், சில்லுக்குப் பின்னால் வலிக்கும். மல்லாந்து படுத்து இரண்டு முட்டையும் மடக்கி வைத்துப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால், காயம்பட்ட பக்கத்துக் கீழ்க்கால் பின்னால் சரிந்து தெரியும். இதில் முன் தொடைத் தசைதான் மருந்து. பின் தொடைப் பயிற்சியைத் தொடக்கத்தில் செய்யக் கூடாது, அது எலும்பை இன்னும் பின்னால் இழுக்கும்.

முட்டு பெல்ட் மாட்டிக்கொண்டு ஆடலாமா?

மெடிக்கலில் கிடைக்கும் துணி பெல்ட் முட்டைத் திரும்பாமல் பிடிக்காது. கதகதப்பும் தைரியமும் தரும், அந்தத் தைரியம்தான் ஆபத்து.

ஊசி, மாத்திரை, ஆட்டுக்கால் சூப்?

அறுந்த ஏ.சி.எல்.லை ஒட்டவைக்கும் மாத்திரை கிடையாது. சொந்த ரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பிளேட்லெட் ஊசிக்குப் பணம் செலவழிக்கும் முன் அந்தப் பணத்தில் எத்தனை மாதப் பயிற்சி கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சூப் குடிக்கலாம், தடையில்லை. தசை வளரப் புரதம் வேண்டும். சாளை, நெத்தோலி, முட்டை, பயறு போதும். மரச்சீனிக் கிழங்கு மட்டும் சாப்பிட்டுவிட்டு மீனை ஒதுக்காதீர்கள். புகைபிடித்தால் வைத்த நாண் எலும்போடு பிடிப்பது தாமதமாகும்.

எனக்கு 58 வயது. அடி எதுவும் படவில்லை. ஸ்கேனில் ‘மெனிஸ்கஸ் டேர்’ என்று வந்திருக்கிறது.

அது நரை மாதிரி வயதோடு வருவது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் அந்த வயதில் நிறையப் பேருக்கு இருக்கும். முட்டு பூட்டிக்கொள்ளாதவரை ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். தொடைப் பயிற்சியும் எடை குறைப்பும்தான் முதல் வைத்தியம்.

பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும் என்கிறார்களே, விளையாட விடலாமா?

கட்டாயம் விடுங்கள். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ வருவது உண்மைதான். குதித்து இறங்கும்போது முட்டு உள்ளே சாய்வது ஒரு முக்கியக் காரணம், அது பயிற்சியால் மாறக்கூடியது. படியின் மேல் நிற்கவைத்து ஒற்றைக்காலில் மெதுவாக இறங்கச் சொல்லி, முன்னால் இருந்து மொபைலில் படம் பிடியுங்கள். சில்லு இரண்டாவது கால்விரலுக்கு நேராக வர வேண்டும். பெருவிரலைத் தாண்டி உள்ளே போனால் இடுப்புத் தசையில் பலம் குறைவு. அதே வீடியோவைப் பிள்ளைக்குக் காட்டித் திருத்தலாம்.

டீமில் யாருக்குமே இந்தக் காயம் வராமல் தடுக்க வழி உண்டா?

உண்டு. கால்பந்துக்காகவே ஃபிஃபா வகுத்த ‘11+’ என்ற பயிற்சி இருக்கிறது. மெதுவான ஓட்டம், பலம் மற்றும் சமநிலை, வேக ஓட்டம் என்று மூன்று பகுதி, 15 பயிற்சி, 20 நிமிடம். பந்தும் தரையும் தவிர எந்தக் கருவியும் வேண்டாம். வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன் இரண்டு சுற்று ஓடிவிட்டு இறங்குவது இதற்கு ஈடாகாது.

கடற்கரை அணிகளுக்கு இன்னொன்று. மணலில் ஆடிப் பழகிய கால், ஸ்டட் வைத்த பூட்ஸோடு காய்ந்த கட்டாந்தரையில் இறங்கும்போது பாதம் சிக்கிக்கொள்ளும், முட்டு திரும்பும். டோர்னமென்ட்டுக்கு இரண்டு வாரம் முன்பே அந்தத் தரையில் அதே பூட்ஸோடு பழகுங்கள். கோடையில் மைதானத்தை முந்தின நாள் மாலை நனைத்துவிடச் சொல்லிக் கமிட்டியிடம் கேளுங்கள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி ஐஸும், ஒரு ஜோடி ஊன்றுகோலும், ஆளை வெளியே கூட்டி வந்தால் அன்று மறுபடி இறக்குவதில்லை என்ற முடிவும் இருக்கட்டும்.